குழாயும் பில்லும்

மீட்டரில் பிழை இல்லை என்று சோதனை அறிக்கை வந்த நாளில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. மீட்டர் வழியாகப் போன மின்சாரம் உங்கள் கணக்கில்தான் வரும் என்று மின் அலுவலகக் கவுண்டரில், பில் எகிறிவிட்டது என்று புகாரோடு வந்த அம்மாவிடம் நான் சொன்னது சரியாகிவிட்டது அல்லவா?

தனியாக வாழும் அவருக்கு மாதம் 110 யூனிட்டுக்கு மேல் வந்ததில்லை. அந்த மாதம் 440. யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறுவதால், தொகை நான்கு மடங்கையும் தாண்டியிருந்தது. பில் எகிறினால் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்தேன். கதவு பூட்டியிருந்த மாதங்களுக்குச் சராசரி போட்டு, பாக்கி யூனிட்டெல்லாம் இப்போது சேர்ந்து வந்திருக்கிறதா? இல்லை. எண்ணைத் தவறாகக் குறித்தார்களா? இல்லை. மிஞ்சியது மீட்டர் சோதனைதான். படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்:

“பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருங்குது தம்பி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?”

“அது வேறம்மா. இது பில் கம்ப்ளெயின்ட். வயரிங் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க.”

இந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை. மீட்டருக்கு அப்பால் இருக்கும் வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு; மின்கசிவைப் பற்றிக் கேட்க எங்கள் படிவத்தில் கட்டமும் கிடையாது. எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொன்னேன் என்பதையும் என் பக்கம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் எந்தக் குரலில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஆள் வரட்டும் என்ற குரல் அது. அவரும் அதை அப்படித்தான் கேட்டிருப்பார், ஏனென்றால் யாரையும் அவர் அழைக்கவில்லை.

சோதனைக்கு ஆள் போவதற்குள் பதினோரு நாள் ஆகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த செக் மீட்டரும் வீட்டு மீட்டரும் ஒரே அளவைக் காட்டின. அதோடு சோதனைக்காரரின் வேலை முடிந்தது. ஆனாலும் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மின்சாரம் ஓடுவதைக் காட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. கீசரின் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. எப்போதோ யாரோ மின்சாரம் வரும் பேஸ் கம்பியையும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியையும் மாற்றி இணைத்திருந்ததால், கீசர் ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டித்தது. அணைத்த பிறகும் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் பேஸ் நின்றது. காயிலின் உறை வெடித்து, அங்கிருந்து தரைக்குள் இறங்கும் எர்த் கம்பி வழியாக ஏறக்குறைய 2 ஆம்பியர் இரவும் பகலும் ஓடியிருக்கிறது. 230 வோல்ட்டில் அது 460 வாட், நாளுக்கு 11 யூனிட், மாதத்துக்கு 330. 16 ஆம்பியர் ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் அந்தப் பழைய வீட்டில் இல்லை.

திரும்பி வந்து இதைச் சொல்லும்போது சோதனைக்காரர் சாதாரணமாக ஒன்று சேர்த்துக்கொண்டார்: எர்த் வேலை செய்ததால்தான் பில் ஏறியது, எர்த் கம்பி அறுந்திருந்தால் பில் வழக்கம்போலவே வந்திருக்கும், குழாயைத் தொடும் கைதான் கசிவுக்கு வழியாகியிருக்கும். அந்த அம்மா எதிர்த்து வந்த தொகைதான் அவரைக் காப்பாற்றிய பாதையின் கணக்கு என்று இதிலிருந்து எனக்கு ஆறுதல் தேடிக்கொள்ளலாம். தேடியும் இருக்கிறேன். அது நிலைப்பதில்லை, பதினோரு நாளும் அவர் ஈரக் கையால் அந்தக் குழாயைத் திறந்திருப்பார் என்ற கணக்கு உடனே பின்னால் வந்துவிடுகிறது.

பில் குறையவில்லை. கசிந்ததும் மீட்டர் வழியாகப் போனதுதான். தவணையில் கட்ட ஏற்பாடு செய்து கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார், குழாயைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதன் பிறகு பில் புகாரோடு வருகிறவர்களிடம் எங்காவது ஷாக் அடிக்கிறதா என்று கேட்கத் தொடங்கினேன். நாம் கேட்டோம் என்று நாளை பொறுப்பு நம் தலையில் விழும் என மேலதிகாரி எச்சரித்தார். அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. இருந்தும் கேட்டேன். பலர் நான் பேச்சை மாற்றுவதாக நினைத்துக் கோபப்பட்டார்கள். சென்ற வாரம், வரிசை வாசலைத் தாண்டி நின்ற ஒரு நாளில், மும்மடங்கு பில்லோடு வந்தவரிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். கேட்கவில்லை என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. படிவத்தில் அவருடைய ஃபோன் எண் இருந்தது.