டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தமும் நடுவில் எடுத்த ரத்தமும்

சிறுநீரகங்கள் செயலிழந்து ஹீமோடயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பற்றி மருத்துவமனையில் எனக்கு நிறையச் சொல்லித்தந்தார்கள். வெள்ளை அணுக்களைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒரு பரிசோதனை அறிக்கையால்தான்.

அன்று டயாலிசிஸ் தொடங்கிச் சுமார் இருபது நிமிடம் கழித்து, வேறொரு பரிசோதனைக்காக, இயந்திரத்துக்குச் செல்லும் குழாயிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். மொத்த வெள்ளை அணுக்கள் 3,600 என்று வந்தது. குறைந்தது 4,000 இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்ததால், எலும்பு மஜ்ஜையில் ஏதோ கோளாறு என்றே வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். மருத்துவரோ அறிக்கையைக் கையில் வாங்கியதும், "எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த முறை, இயந்திரத்தில் இணைப்பதற்கு முன்பே எடுக்கச் சொன்னார். 5,100 இருந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியான டயாலைசருக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் வழியே ரத்தம் ஓடும்போது, அவற்றின் சுவர் உடலுக்கு அந்நியமான பொருள் என்பதால், ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் பாதுகாப்புப் புரதங்கள் தூண்டப்படுகின்றன. அதனால் கிளர்ச்சியடையும் நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் தேங்கிவிடுகின்றன. பெரும்பாலானவை டயாலிசிஸ் முடிவதற்குள்ளேயே ரத்த ஓட்டத்துக்குத் திரும்பிவிடும். 1968இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அக்காலத்தில் இழைகளின் சுவராக இருந்த செல்லுலோஸ் சவ்வுகளில் இந்த வீழ்ச்சி மிகக் கடுமையாக இருந்தது. இப்போது பரவலாகப் பயன்படும் பாலிசல்ஃபோன் போன்ற செயற்கைச் சவ்வுகளில் அது சிறிதளவே.

எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் தெரிந்ததும் நிம்மதி வந்தது உண்மைதான். ஆனால் அதே உரையாடலில் மருத்துவர் சொன்ன இன்னொரு செய்தியை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன்: எங்களைப் போன்றவர்களுக்கு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும்போதும், அவற்றின் வேலைத்திறன் குறைந்திருக்கலாம். கழிவுகள் தேங்கிய ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் கிருமிகளை விழுங்கிக் கொல்வதில் தளர்ந்துவிடுகின்றன. டி அணுக்கள் என்னும் வேறுவகை வெள்ளை அணுக்களும் போதிய அளவு தூண்டப்படுவதில்லை. டயாலிசிஸ் இதை ஓரளவுதான் சரிசெய்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பவற்றில் இதய நோய்களுக்கு அடுத்தபடியாக நோய்த்தொற்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது, ஏனெனில் கழுத்து ரத்தக் குழாயில் டயாலிசிஸுக்கான கதீட்டர் என்னும் குழாய் வைத்திருந்த தொடக்க காலத்தில் அதை நான் அனுபவித்திருக்கிறேன். இயந்திரம் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில், போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்தியும் கட்டில் அதிரும்படி குளிர் நடுக்கம் வந்தது. காய்ச்சல் 99.4தான், வெள்ளை அணுக்கள் 8,900, அதாவது இயல்பான அளவு. அந்த இரண்டு எண்களையும் நம்பி என்னை வீட்டுக்கு அனுப்பாமல், கதீட்டரிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்திய செவிலியருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். இரண்டு மாதிரிகளிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்தது. கதீட்டரை அகற்றி வேறு இடத்தில் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு டயாலிசிஸின் முடிவிலும் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள்.

இப்போது இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம், இருக்கிறது. படுக்கைக்குச் செல்லும் முன் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்; ரத்தம் எடுத்தால், டயாலிசிஸுக்கு முன்பா நடுவிலா என்று படிவத்தில் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். நடுக்கம் வந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசியிலும் அணுக்களின் இந்தத் தளர்ச்சி தெரிகிறது. பெரியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வழக்கமாக 20 மைக்ரோகிராம் வீதம் மூன்று முறை போடுவார்கள். எனக்கு 40 மைக்ரோகிராம் வீதம் நான்கு முறை போட்டார்கள். அதற்குப் பிறகும் எதிர்ப்புப் பொருளின் அளவு, பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் தேவையான 10ஐத் தொடவில்லை என்பதால், மறுபடியும் முதல் ஊசியிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.