பன்னிரண்டு புளியங்கொட்டையும் 204-ஆம் எண் வீடும்

புதிர்க் கணக்குப் போட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். இதுவரை முடித்தது பதினொரு புதிர்தான். விடை கண்டுபிடிக்க ஆன நேரத்தைவிட, விடை கிடைத்த பிறகு அதோடு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது, அதனால் என்ன கிடைத்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் ஒருநாள் புலி, ஆடு, புல்லுக்கட்டு கதையைச் சொன்னேன். பாட்டி எனக்குச் சொன்னது. படகில் ஆளோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். கொண்டுபோன ஆட்டைத் திரும்ப அழைத்து வருவதுதான் சூட்சுமம், ஏழு தடவை ஆற்றைக் கடக்க வேண்டும் என்றேன். “அஞ்சு தடவையில முடியாதாப்பா?” என்று கேட்டாள். முப்பது வருடமாக விடை தெரியும், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

அன்று ராத்திரி யோசித்தேன். ஐந்து தடவை என்றால் போவது மூன்று, வருவது இரண்டு. மூன்று பொருளையும் மூன்றே நடையில் கொண்டுபோயாக வேண்டும் என்பதால் திரும்பும்போது படகில் எதையும் ஏற்ற முடியாது. முதலில் ஆடு போயே ஆக வேண்டும். இரண்டாவதாகப் புலி போனாலும் புல் போனாலும், ஆள் வெறும் படகோடு திரும்பும்போது ஆடு அதோடு தனியாக இருக்கும். அவ்வளவுதான், முடியாது. நான்கு வரி. ஆனால் அந்த நான்கு வரியை எழுதிய பிறகுதான் இந்தப் புதிர் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அப்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். நோட்டில் இடது பக்கம் விடை. வலது பக்கம், ஏன் இதைவிடக் குறையாது, ஏன் வேறு விடை இல்லை என்பது. வலது பக்கம் எழுதி முடிக்காமல் அடுத்த புதிருக்குப் போகக் கூடாது.

இரண்டாவது புதிர் பாலம். நான்கு பேர், ஒரே ஒரு டார்ச் லைட், இருட்டு. பாலத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் நடக்கலாம், டார்ச் கூடவே போக வேண்டும். பாலத்தைக் கடக்க அவர்களுக்கு ஆகும் நேரம் 1, 2, 5, 10 நிமிடம். சேர்ந்து போனால் மெதுவான ஆளின் நேரம். வேகமான ஆள் ஒவ்வொருவரையும் கொண்டுபோய் விட்டால் 19 நிமிடம் வருகிறது. மூன்று நாள் அந்த 19-லேயே நின்றேன். மெதுவானவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பினால் 5 நிமிடம் 10-க்குள் மறைந்துவிடும் என்பது நான்காம் நாள் தோன்றியது. முதலில் 1-ம் 2-ம் போவது, 1 திரும்புவது, 5-ம் 10-ம் போவது, அங்கே காத்திருக்கும் 2 திரும்புவது, மறுபடி 1-ம் 2-ம். மொத்தம் 17. வலது பக்கத்துக்கு இன்னும் இரண்டு நாள். மெதுவானவர்கள் தனித்தனியாகப் போனால் போகிற நடைகளே 10, 5, 2 என்று 17 ஆகிவிடும், திரும்புவது அதற்கு மேல். சேர்ந்து போனால் அது நடுவில்தான் வர முடியும். முதல் நடையாகவோ கடைசி நடையாகவோ வைத்தால் அவர்களில் ஒருவர் திரும்ப வந்தாக வேண்டும். நடுவில் என்றால் 17-க்குக் குறைய வழியில்லை.

அடுத்ததுதான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது. பன்னிரண்டு காசு, அதில் ஒன்று போலி. போலி கனமா, லேசா என்று தெரியாது. படிக்கல் இல்லாத தராசில் மூன்றே நிறுவையில் எது போலி என்பதையும், அது கனமா லேசா என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு புளியங்கொட்டையில் சாக்பீஸால் எண் எழுதிக்கொண்டேன். மகள்தான் தராசு. ஏதாவது ஒரு கொட்டையை மனசுக்குள் போலி என்று வைத்துக்கொண்டு, “இடது தட்டு இறங்குது”, “சமம்” என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரம் ஆறுக்கு ஆறு வைத்துப் பார்த்தேன், மூன்றுக்கு மூன்று வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் இரண்டு கொட்டை மிஞ்சியது. இவளுக்கு எப்படி ஒவ்வொரு தடவையும் சரியாக மாட்டுகிறது என்று சந்தேகம் வந்து, “எந்தக் கொட்டையை நினைச்சிருக்க?” என்று நடுவில் கேட்டேன். “இன்னும் முடிவு பண்ணலப்பா. உங்களுக்கு எது கஷ்டமோ அதைச் சொல்லிட்டு வர்றேன்” என்றாள்.

கொஞ்சம் யோசித்தபோது இதில் தப்பே இல்லை என்று தெரிந்தது. அவள் முன்பு சொன்னதோடு முரண்படாதவரை, ஏதோ ஒரு கொட்டை அவள் பதில்களுக்குப் பொருந்தத்தான் செய்யும். எல்லாச் சந்தர்ப்பத்திலும் ஜெயிக்கிற வழி வேண்டுமென்றால், இப்படிப்பட்ட தராசையும் ஜெயித்துத்தான் ஆக வேண்டும். அந்த ராத்திரியிலிருந்து கொட்டையைப் பார்ப்பதை விட்டு, அவளிடம் இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு கொட்டையும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம், ஆக 24 வாய்ப்பு. ஒரு நிறுவைக்கு மூன்று பதில். கடைசி நிறுவையில் 3 வாய்ப்பு வரை பிரிக்கலாம், இரண்டு நிறுவை இருந்தால் 9 வரை. ஆறுக்கு ஆறு வைத்தால் 12 மிஞ்சுகிறது. மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமானால் ஆறு கொட்டை, மறுபடி 12. ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தால் 10. நான்குக்கு நான்கு வைத்தால் மட்டும் எப்படி ஆனாலும் 8. முதல் நிறுவைக்கு வேறு வழியே கிடையாது!

1, 2, 3, 4 இருக்கும் தட்டு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 9 முதல் 12 வரை நல்லவை. அடுத்து 1, 2, 5 ஒரு பக்கம். 3, 6, 9 மறுபக்கம். 3-ம் 5-ம் தட்டு மாறியிருப்பதைக் கவனியுங்கள். முன்பு இறங்கிய பக்கமே இறங்கினால் 1 அல்லது 2 கனம், இல்லை 6 லேசு. சாய்வு மாறினால் தட்டு மாறிய இரண்டில் ஒன்றுதான். சமமானால் வெளியே வைத்த 4, 7, 8-இல் ஒன்று. எப்படி வந்தாலும் மூன்றுக்கு மேல் மிஞ்சாது, கடைசி நிறுவை போதும். நான்கும் நான்கும் சமமாக இருந்தால் 9, 10, 11-ஐ மூன்று நல்ல கொட்டைக்கு எதிரே வைத்தால் இதே மாதிரி முடிந்துவிடும். பதினெட்டு நாள் ஆனது. கடைசியில் மகள் எல்லா வழியிலும் என்னை மடக்கப் பார்த்துவிட்டு, “இப்ப நான் எதையாச்சும் நினைச்சே ஆகணும்” என்றாள்.

மூன்றாம் மாதம் எடுத்தது, நான் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒன்று. 1914 டிசம்பரில் லண்டன் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த புதிர். கேம்பிரிட்ஜில் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தபோது நண்பர் மகலனோபிஸ் அதைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவின் ஒரு பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள், 50-க்கு மேல் 500-க்குள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜன் கிளறிக்கொண்டே, எத்தனை வீடு உள்ள தெருவானாலும் எல்லா விடையையும் தரும் தொடர் பின்னம் ஒன்றை எழுதிக்கொள்ளச் சொன்னார். தொடர் பின்னம் என்றால், பின்னத்தின் கீழே இன்னொரு பின்னம் என்று நீண்டுகொண்டே போவது. எந்தப் படியில் நிறுத்தினாலும் ஒரு சாதாரணப் பின்னம் கிடைக்கும்.

நானும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துத்தான் 204 என்று கண்டேன், தெருவில் 288 வீடு. இரண்டு பக்கமும் 20,706. வலது பக்கத்துக்கு வந்தபோதுதான் உள்ளே இருப்பது தெரிந்தது. கணக்கைச் சுருக்கினால், 1 முதல் கடைசி வீடு வரையிலான கூட்டுத்தொகை, நாம் தேடும் வீட்டு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகை என்பது கடைசி எண்ணையும் அதற்கடுத்த எண்ணையும் பெருக்கிப் பாதியாக்குவது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. அதனால் ஒன்று ஒற்றைப்படை வர்க்கமாகவும் மற்றது இன்னொரு வர்க்கத்தின் இரட்டிப்பாகவும் இருந்தே ஆக வேண்டும். 50-க்கும் 500-க்கும் நடுவில் அப்படிச் சோதிக்க வேண்டிய ஒற்றைப்படை வர்க்கங்கள் 81, 121, 169, 225, 289, 361, 441 என்று ஏழுதான். 289-க்கு முன்னால் இருக்கும் 288, 144-இன் இரட்டிப்பு. மற்ற ஆறும் தேறவில்லை. விடை ஒன்றே ஒன்று என்று ஐந்து நிமிடத்தில் கையால் எழுதிவிட்டேன்.

வரம்பை எடுத்துவிட்டுத் தேடினேன். 9-ம் 8-ம், 49-ம் 50-ம், 289-ம் 288-ம், 1681-ம் 1682-ம் ஜோடியாக வந்தன. ஒன்று எந்த எண்ணின் வர்க்கம், மற்றது எந்த எண்ணின் வர்க்கத்தின் இரட்டிப்பு என்று எழுதினால் 3-ம் 2-ம், 7-ம் 5-ம், 17-ம் 12-ம், 41-ம் 29-ம். பெருக்கினால் வீட்டு எண்: 6, 35, 204, 1189. பின்னமாக எழுதினேன்: 3/2, 7/5, 17/12, 41/29. வகுத்துப் பார்த்தேன். 1.5, 1.4, 1.4166, 1.4137... இரண்டின் வர்க்கமூலத்தை நெருங்கிக்கொண்டே போகிறது. ராமானுஜன் சொன்ன தொடர் பின்னம் என் நோட்டின் ஓரத்தில் தானாக வந்து நின்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வாரம் மகள் டப்பாவிலிருந்து இன்னொரு புளியங்கொட்டையை எடுத்து வந்து 13 என்று எழுதினாள். 26 வாய்ப்பு, மூன்று நிறுவையில் 27 பதில், ஆக முடியும் என்று அவள் கட்சி. நான்குக்கு நான்கு வைத்துச் சமமானால் ஐந்து கொட்டை, 10 வாய்ப்பு. ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தாலும் 10. இரண்டு நிறுவைக்கு 9 தாண்டக் கூடாதே என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப கனமா லேசான்னு சொல்ல வேணாம், எதுன்னு மட்டும் சொன்னா போதும்னு வெச்சா?” என்றாள். இடது பக்கம் நேற்று எழுதிவிட்டோம், முடிகிறது. பதினான்கு கொட்டைக்கு ஏன் முடியாது என்ற வலது பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.