எலிவேட்டரின் தளர்வும் வேக வரம்பும்: சோதனை மேசை நாட்குறிப்பு

பிப்ரவரி 5, 2024

எங்கள் சிறிய ஆளில்லா விமானத்தின் மூக்கு ஏற்றஇறக்கத்தைக் காக்கும் ஆட்டோபைலட், நிலைகுலைவதற்கு முன் இன்னும் 45 பாகைக் கட்டப் பின்னடைவைத் தாங்கும் என்பது என் கணக்கு. (ஊசலாடும் கட்டளைக்குப் பின்னால் அசைவு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதே கட்டப் பின்னடைவு; ஒரு முழு ஊசலை 360 பாகையாகக் கொண்டு அளப்பது.) இன்று உண்மையான சர்வோவையும் (கட்டளைப்படி திரும்பும் மோட்டார்), அது அசைக்கும் எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) மேசையில் பொருத்தி, விமானத்தின் இயக்கத்தை மட்டும் கணினியில் ஓடவிட்டபோது, காற்றே இல்லாத நிலையிலும் மூக்கு மெதுவாக மேலும் கீழும் ஆடியது. அந்த ஆட்டம் பெருகவும் இல்லை, அடங்கவும் இல்லை.

பிப்ரவரி 7

எலிவேட்டரை விரலால் அசைத்தேன். சர்வோ அசையாமலேயே அது மொத்தம் 0.6 பாகை நகர்ந்தது. இணைப்புத் தண்டின் துளை தேய்ந்திருக்கிறது. கட்டளை ±5 பாகை ஊசலாடினால் இந்தத் தளர்வு தரும் பின்னடைவு சுமார் 4 பாகைதான். ஆனால் ஊசல் ±0.6 பாகையாகச் சுருங்கினால் பின்னடைவு 32 பாகையாகிறது, ±0.3 பாகைக்குக் கீழே எலிவேட்டர் அசைவதே இல்லை. அசையாத அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு நிரலின் தொகையீட்டுப் பகுதி பிழையைச் சேர்த்துக்கொண்டே போகிறது. தளர்வைக் கடந்த பின் எலிவேட்டர் தேவைக்கு மேல் நகர்ந்துவிட, அதே கதை எதிர்ப்பக்கம் தொடங்குகிறது.

பிப்ரவரி 8

நிலை உணரியை மோட்டார் தண்டிலிருந்து எலிவேட்டரின் கீலுக்கு மாற்றினால் தளர்வையும் சர்வோவே சரிசெய்துகொள்ளும் என்று நம்பினேன். மாற்றியதும் தளர்வு சர்வோவின் சொந்தப் பின்னூட்ட வளையத்துக்குள் (உணரி அளந்த நிலையைப் பார்த்து மோட்டார் தன்னைத் திருத்திக்கொள்ளும் சுற்று) வந்துவிட, சர்வோ நிற்காமல் நடுங்கியது. மாலையே பழைய இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 14

புதிய ஊசியும் இறுக்கமான துளையும் போட்டதில் தளர்வு பெருமளவு குறைந்தது. மிகச் சிறிய பிழைகளைத் தொகையீட்டுக்கு அனுப்பாமல் விட்டதில் ஆட்டம் நின்றது. இதற்கு விலையாக மூக்குக் கோணத்தில் ஒரு சிறு பிழை நிலைத்திருக்கும், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20

இன்று எதிர்முனையை, அதாவது பெரிய அசைவுகளைச் சோதித்தோம். எங்கள் சர்வோ எலிவேட்டரை நொடிக்கு 40 பாகைக்கு மேல் திருப்பாது. நொடிக்கு ஒரு முறை ±5 பாகை ஊசலாடும் கட்டளைக்கு உச்ச வேகம் 31 பாகையே என்பதால் தடை ஏதும் இல்லை. ±20 பாகை கேட்டபோதோ, அரை நொடியில் 20 பாகைதான் கடக்க முடியும் என்பதால் எலிவேட்டர் ±10 பாகை முக்கோண அலையாக மட்டும் ஆடியது, அதுவும் 60 பாகை பின்தங்கி. என் 45 பாகை அங்கேயே தீர்ந்துவிட்டது. ±5 பாகை என்ற ஒரே வீச்சில் சோதித்துத் திருப்தியடைந்திருந்தால், சிறிய அசைவில் கடிக்கும் தளர்வும் பெரிய அசைவில் கடிக்கும் வேக வரம்பும் இரண்டுமே என் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

பிப்ரவரி 23

1992 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் விபத்துக்குள்ளான ஒய்எஃப்-22 என்ற முன்மாதிரிப் போர் விமானத்தையும், 1993 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாக்ஹோமில் மக்கள் முன் பறந்துகாட்டும்போது விழுந்த, சுவீடனின் சாப் நிறுவனம் உருவாக்கிய கிரிப்பென் போர் விமானத்தையும் பற்றி மீண்டும் படித்தேன். அங்கே வளையத்துக்குள் விமானியின் கையும் இருந்தது, இங்கே இல்லை. ஆனாலும் பின்னடைவின் கணக்கு ஒன்றுதான். கிரிப்பென் இயல்பிலேயே நிலையற்ற விமானம். எனவே அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் வேகத்தில் ஒரு பங்கு விமானத்தை நிலையாக வைத்திருப்பதற்கே எப்போதும் தேவை. விமானி கோலை வேகமாகவும் முழு அளவிலும் அசைத்தபோது மிச்சமும் போதவில்லை. பரப்பு பின்தங்குவதோடு அதன் வீச்சும் குறைவது இத்தகைய விமானத்துக்கு இரட்டை ஆபத்து.

மார்ச் 1

கிரிப்பென் விபத்துக்குப் பின் சாப் நிறுவனப் பொறியாளர்கள் கையாண்ட கட்ட ஈடுசெய்யும் முறையின் எளிய வடிவத்தை எழுதிப் பார்த்தேன். கட்டளை மாறும் வேகத்தை சர்வோவின் வரம்புக்குள் வெட்டி, பிறகு அந்த வேகத்தைத் தொகுத்துக் கோணமாக்கினால், கட்டளை திரும்பும் கணத்திலேயே எலிவேட்டரும் திரும்புகிறது. ±20 பாகைக்கு எலிவேட்டர் ஆட்டத்தில் அடங்கிய அடிப்படை சைன் அலையின் வீச்சு (இது ±10 பாகை முக்கோண அலையின் உச்சத்தைவிடச் சிறியது) முன்போலவே ஏறத்தாழ 8 பாகை. பின்னடைவு மட்டும் 60 பாகையிலிருந்து பூஜ்ஜியமாகிவிட்டது! மோட்டாரால் தர முடியாத வீச்சை நிரலால் தர முடியாது, ஆனால் கட்டத்தை மீட்க முடிகிறது. இந்த வாரத்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது இதுதான்.

மார்ச் 4

ஒரு குறை இருக்கிறது. பலமான காற்று வீச்சுக்குப் பிறகு எலிவேட்டர் கட்டளையிலிருந்து விலகிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த விலகலை மெதுவாகப் பின்னூட்டினால் அது சரியான இடத்துக்குத் திரும்புகிறது. வேகமாகப் பின்னூட்டினால் பழைய பின்னடைவும் கூடவே திரும்புகிறது. நாளை இந்த வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு மதிப்புக்கும் ±0.3 முதல் ±20 பாகை வரை எல்லா வீச்சுகளையும் ஓட்டப் போகிறேன்.