4.9-லிருந்து 5.10-க்கு ஒரு டிரைவரைக் கொண்டுபோன அனுபவம்

எங்கள் போர்டில் ஓடியது லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 4.9. அதற்கான நீண்டகால ஆதரவு 2023 ஜனவரியோடு முடிந்ததால் 5.10-க்கு மாறிவிடலாம் என்று முடிவானது. மற்றதெல்லாம் பெரிய தொந்தரவு இல்லாமல் வந்துவிட்டது, மாட்டிக்கொண்டது ஒரே ஒரு டிரைவர்தான். சென்சார் அளவுகளைப் படித்துத் தரும் சின்ன கேரக்டர் டிரைவர், மெயின்லைனில், அதாவது லினக்ஸின் அதிகாரபூர்வ மூலக் கோடில், இல்லாதது, ஹார்டுவேர் விற்றவர்கள் கொடுத்த கோடு. புதிய கெர்னலுக்கு அவர்கள் அதை மாற்றித் தரவில்லை, அதனால் வேலை என்னிடம் வந்தது.

லினக்ஸில் பயனர் நிரல்களோடு பேசும் இடைமுகத்தை உடைக்க மாட்டார்கள், ஆனால் கெர்னலுக்கு உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்சர்களுக்கு (பல மதிப்புகளை உறுப்புகளாகச் சேர்த்து வைக்கும் அமைப்புகளுக்கு) அந்த உத்தரவாதம் கிடையாது. மெயின்லைனில் இருக்கும் டிரைவர் என்றால், ஸ்ட்ரக்சரை மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவருக்கு நாம்தான் பொறுப்பு.

முதல் கம்பைலிலேயே எரர் கொட்டியது. அதில் சுலபமானது ப்ராக் கோப்பு, அதாவது கெர்னல் தன் தகவலைக் கோப்பு போலக் காட்டும் இடம். முன்பெல்லாம் ப்ராக்கில் ஒரு கோப்பு உருவாக்கவும் பொதுவான ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரையே கொடுப்போம். 5.6-லிருந்து அதற்கென்று தனியாக ப்ராக் ஆப்ஸ் என்ற ஸ்ட்ரக்சர் வந்துவிட்டது. உறுப்புகளின் பெயருக்கு முன்னால் ப்ராக் என்று சேர்த்து, ஓனர் வரியை எடுத்துவிட்டால் முடிந்தது. நல்லவேளையாகப் பழைய கோடில் உறுப்புகளைப் பெயர் சொல்லியே நிரப்பியிருந்தார்கள். வெறும் வரிசையை நம்பி நிரப்பும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், உறுப்புகளின் வரிசையையே கலைத்துப்போடும் வசதி 4.13-லிருந்து கெர்னலில் இருக்கிறது.

டைமர்தான் நேரத்தைத் தின்றது. பழைய டைமர் ஸ்ட்ரக்சரில் கால்பேக் ஃபங்ஷனின் (நேரம் வந்ததும் கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) முகவரியும், அதற்குக் கொடுக்க வேண்டிய டேட்டாவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. அருகிலுள்ள மெமரியில் எழுதும்போது எல்லை மீறினால், எந்த ஃபங்ஷனை எந்த மதிப்போடு கூப்பிடுவது என்ற இரண்டையுமே தாக்குகிறவர் தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம். இதை அடைக்கத்தான் கெர்னல் பாதுகாப்பில் வேலை செய்யும் கீஸ் குக் முன்னின்று 2017-ல் கெர்னல் முழுவதும் திருத்தி, 4.15-ல் டேட்டா உறுப்பையே தூக்கினார்கள். இப்போது கால்பேக்குக்கு வருவது டைமரின் பாயின்டர் மட்டும். அந்த டைமர் நம் டிரைவர் ஸ்ட்ரக்சருக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தத் தூரத்தைக் கழித்து, ஸ்ட்ரக்சரின் தொடக்கத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு கன்டெய்னர் ஆஃப் மேக்ரோ இருக்கிறது, 5.10-ல் டைமருக்கென்றே ஃப்ரம் டைமர் என்று ஒன்றும் உண்டு.

இதற்கு ஒரு குறுக்குவழி பேட்ச் கையில் கிடைத்தது. கால்பேக்கை அப்படியே வைத்துக்கொண்டு, வகை பொருந்தாததை காஸ்ட் போட்டு (இதுதான் வகை என்று கம்பைலரை நம்பவைத்து) மறைத்திருந்தார்கள். கம்பைல் ஆனது, மாட்யூல் ஏறியது, டைமரும் சரியாகவே ஓடியது! எப்படி ஓடுகிறது என்று புரியாமல் மேலே போக மனம் வரவில்லை. பாஹோல் கருவியை வைத்து ஸ்ட்ரக்சரின் அமைப்பைப் பார்த்தபோதுதான் விளங்கியது: டைமர்தான் முதல் உறுப்பு, அதன் தூரம் 0, அதனால் டைமரின் முகவரியும் ஸ்ட்ரக்சரின் முகவரியும் ஒன்றே. நாளைக்கு யாராவது அதற்கு மேலே ஸ்பின்லாக் போல இன்னொரு உறுப்பைச் சேர்த்தால் போதும், கால்பேக் தப்பான இடத்தை நம் ஸ்ட்ரக்சர் என்று நினைத்து எழுதத் தொடங்கும், சில நேரம் உடனே விழாமல் வேறெங்கோ போய் விழும். அந்த பேட்சை ஒதுக்கிவிட்டு, கால்பேக்கின் வகையையே மாற்றி எழுதினேன். கெர்னல்காரர்கள் வேண்டுமென்றே கம்பைலை உடைத்து நம்மை எச்சரிக்கிறார்கள், அந்த எச்சரிக்கையை காஸ்ட் போட்டு வாயடைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை.

அப்புறம் நேரம். டிரைவர் ஒவ்வொரு அளவோடும் டைம்வால் வகையில் நேரத்தையும் ஐஆக்டெல் (பயனர் நிரல் ஓர் எண்ணைக் கொடுத்து டிரைவரிடம் கேட்கும் முறை) வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. 32 பிட் நேரக் கணக்கு 2038-ல் நிரம்பிவிடும் பிரச்சினைக்காக அந்த வகையை 5.6-ல் கெர்னலுக்குள்ளிருந்து எடுத்துவிட்டார்கள், மாற்றாக இருப்பது டைம்ஸ்பெக்64. உள்ளே அதைப் பயன்படுத்துவதில் சிக்கலே இல்லை. ஆனால் எங்களுடையது 32 பிட் ஏஆர்எம், பழைய டைம்வால் 8 பைட், புதியது 16 பைட். அதை அப்படியே பயனர் ஸ்ட்ரக்சருக்குள் போட்டால் ஸ்ட்ரக்சர் பெரிதாகும். வழக்கமான மேக்ரோக்களால் உருவாக்கிய ஐஆக்டெல் எண்ணுக்குள்ளேயே அந்த அளவும் அடங்கியிருப்பதால் எண்ணும் மாறிவிடும், ஏற்கெனவே களத்தில் ஓடும் நிரல்கள் கேட்கும் பழைய எண்ணை டிரைவர் அடையாளமே கண்டுகொள்ளாது. ஆகவே வெளியே போகும் ஸ்ட்ரக்சரில் இரண்டு 32 பிட் எண்களாகவே பழைய அமைப்பைக் காப்பாற்றினேன், அளவு மாறினால் பில்டே நின்றுவிடும்படி பில்டு பக் ஆன் சோதனையும் வைத்தேன். முழு 64 பிட் நேரம் வேண்டுவோருக்குப் புது எண்ணோடு இன்னொரு ஐஆக்டெல் சேர்த்தாயிற்று.

எரர் வந்ததும் தேடுபொறிக்கு ஓடுவதைவிட, கெர்னலின் கிட் வரலாற்றில் (மாற்றங்களின் பதிவில்) பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனோடு அந்த உறுப்பின் பெயரைத் தேடுங்கள். மாற்றிய கமிட் (அந்த மாற்றத்தின் பதிவு) கிடைக்கும், ஏன் மாற்றினோம் என்ற விளக்கம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும், அதே தொடரில் வேறு டிரைவர்களைத் திருத்திய விதமும் கண்ணெதிரே இருக்கும். டைமர் வேலையில் பாதியை அப்படிப் பார்த்துத்தான் முடித்தேன். அடுத்து 6.6-க்குப் போகும்போது கிளாஸ் கிரியேட் ஃபங்ஷனில் ஓனர் ஆர்குமென்ட்டை எடுக்க வேண்டியிருக்கும், அது 6.4-ல் போய்விட்டது.