ஹீட்டிங் பெட்டியில 100ஐ எடுத்துட்டு நிஜக் கணக்கு போட்ட அனுபவம்

கனடால வீடு வாங்க மார்ட்கேஜ் அப்ளை பண்ணவங்களுக்குத் தெரியும், லோன் கட்டுற தொகை, ப்ராப்பர்ட்டி டாக்ஸ், ஹீட்டிங், காண்டோவா (அடுக்குமாடி வீடு) இருந்தா மெயின்டனன்ஸ் ஃபீஸ்ல பாதி, இதெல்லாம் கூட்டி மாசச் சம்பளத்தால வகுத்து ஒரு சதவீதம் எடுப்பாங்க, அதுக்குப் பேரு ஜிடிஎஸ். இன்ஷூரன்ஸ் போட்ட லோன்னா, அந்த இன்ஷூரன்ஸ் தர்ற அரசு நிறுவனமான சிஎம்ஹெச்சி கணக்குப்படி அது 39 சதவீதத்த தாண்டக்கூடாது, கார் லோன் கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்தா 44. இதுல டாக்ஸுக்கு பில் இருக்கு, ஃபீஸுக்கு பேப்பர் இருக்கு, லோனுக்கு கால்குலேட்டர் இருக்கு. ஹீட்டிங்குக்கு மட்டும் ஒரு காலிப் பெட்டி, அதுல எல்லாரும் 100னு அடிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. டொராண்டோவோட ஸ்கார்பரோ பகுதில ஒரு சின்ன மார்ட்கேஜ் புரோக்கர் ஆபீஸுக்கு சாஃப்ட்வேர் எழுதுறவன் நான், அந்தப் பெட்டி தானா நிரம்பற மாதிரி பண்ண ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு, அதத்தான் எழுதுறேன்.

ஆரம்பிச்சது எங்க ஆபீஸ்ல இருக்கற ஒரு சீனியர் ஏஜென்ட் அக்காவால. யாழ்ப்பாணத்துக்காரங்க, இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை. 2024 கடைசில ஒரு நாள் லேப்டாப்ப தூக்கிட்டு என் டேபிளுக்கே வந்துட்டாங்க. "தம்பி, இந்த நூறு டொலர் எங்கயிருந்து வந்தது எண்டு ஒருக்கா சொல்லுங்கோ பாப்பம்"னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல, ஏன்னா கோடுல டீஃபால்ட்டா 100னு எனக்கு முன்னாடி யாரோ எழுதி வச்சிருந்தாங்க, நான் தொட்டதே இல்ல. அக்கா காட்டின ஃபைல லோன் கொடுக்கற லெண்டர் திருப்பி அனுப்பிட்டாங்க, ஓஷவால ஒரு பழைய செங்கல் வீடு, விக்கிறவங்களோட கேஸ் பில் பார்த்தா ஹீட்டிங் மாசத்துக்கு சராசரி 145 வருது, நீங்க எப்படி 100 போட்டீங்கன்னு கேட்டு.

45 டாலர்ல என்ன ஆகப்போகுதுன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. உக்காந்து போட்டுப் பார்த்தோம். அந்த வீட்ட வாங்கற ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 10,000. லோன் 5 லட்சம், 25 வருஷம், வட்டி 4.5 தான் ஆனா வட்டி ஏறினாலும் கட்ட முடியுமான்னு பார்க்கற ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு ரெண்டு கூட்டி 6.5ல தகுதி பார்க்கணும், அதுக்கு மாசம் 3,350 வருது, டாக்ஸ் 425. ஹீட்டிங் 100னா மொத்தம் 3,875, அதாவது 38.75, பாஸ். 145னா 3,920, அதாவது 39.2, ஃபெயில். 39க்கு மேல போன அந்த 20 டாலர குறைக்க லோன்ல கிட்டத்தட்ட 3,000 டாலர் குறைக்கணும், வீடு கைமாறுற க்ளோசிங்குக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அந்தக் குடும்பம் அத எங்க போய் புரட்டும்? அண்ணன்கிட்ட கைமாத்தா வாங்கி கட்டப் பார்த்தாங்க, அதுக்கு இது கடன் இல்ல அன்பளிப்புன்னு சொல்ற கிஃப்ட் லெட்டர் கேட்டா கைமாத்துக்கு எப்படி கொடுக்கறதுன்னு ஒரு ரகளை, கடைசில வேற ஒரு சேமிப்ப உடைச்சாங்க. முதல் நாளே 145னு தெரிஞ்சிருந்தா வீட்டு விலையிலயே பேசியிருக்கலாம். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திச்சு.

முதல்ல நான் பண்ணது சுலபமான வேலை, சதுர அடிய ஒரு எண்ணால பெருக்கறது. சில லெண்டர்களே அப்படித்தான் பண்றாங்க. ரெண்டே நாள்ல முடிச்சேன், ஒரே வாரத்துல உடைஞ்சுது. டொராண்டோ பக்கம் லிஸ்டிங்ல (வீடு விற்பனை விளம்பரம்) சதுர அடி ஒரு எண்ணா வராது, 1,500லேர்ந்து 2,000ன்னு ஒரு ரேஞ்சா வரும், நான் நடுவுல 1,750னு எடுத்துக்கிட்டேன். அது பரவால்ல, பேஸ்மென்ட் அந்தக் கணக்குலயே வராது. ஸ்கார்பரோல எத்தனை வீட்ல பேஸ்மென்ட்ட முடிச்சு வாடகைக்கு விட்டிருக்காங்கன்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, அங்கயும் ஆள் இருக்காங்க, அங்கயும் சூடு போகுது, கணக்குல மட்டும் இல்ல.

அடுத்து இடம். நான் திருச்சிக்காரன், வீட்ட சூடாக்க ஒரு செலவு உண்டுங்கறதே இங்க வந்துதான் தெரியும், குளிர்னா எல்லா ஊர்லயும் ஒரே குளிர்னு நினைச்சிருந்தேன். இங்க அத அளக்க ஹீட்டிங் டிகிரி டேஸ்னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு நாளோட சராசரி வெப்பம் 18 டிகிரிக்கு எவ்வளவு கீழ இருக்கோ அத்தனை புள்ளி, சராசரி 5னா அன்னிக்கு 13 புள்ளி, இப்படி வருஷம் முழுக்க கூட்டணும். வான்கூவருக்கு 3,000க்குள்ள அடங்கிடும், டொராண்டோ 3,500க்கும் 4,000க்கும் நடுவுல, வின்னிபெக் 5,500க்கும் மேல. ஒரே அளவு வீடு, வீட்ட சூடாக்கற ஃபர்னஸும் ஒண்ணே, வின்னிபெக்ல எரியற கேஸ் வேற. ஒரே ஒன்டாரியோ மாகாணத்துலயே தண்டர் பே டொராண்டோ மாதிரி கிடையாது. இந்தப் புள்ளிவிவரம் என்விரான்மென்ட் கனடா தளத்துல சும்மாவே கிடைக்குது, போஸ்டல் கோடோட முதல் மூணு எழுத்த வச்சு பக்கத்து வானிலை நிலையத்தோட இணைச்சேன்.

அந்த மூணு எழுத்துலயே இன்னொரு விஷயமும் மறைஞ்சிருந்துச்சு. ரெண்டாவது இடத்துல 0 இருந்தா அது கிராமப்புறம். கிராமப்புறம்னா நிறைய இடத்துல கேஸ் பைப் வந்திருக்காது, புரொப்பேனோ ஆயில் டேங்கோ கரன்ட்டோதான், செலவு கேஸ விட நல்லாவே கூட. இது தெரியறதுக்கு முன்னாடி பீட்டர்பரோவுக்கு வெளில ஒரு வீட்டுக்கு என் கோடு கேஸ் ரேட்ட போட்டு அழகா ஒரு சின்ன எண் காட்டிச்சு, அக்காதான் பிடிச்சாங்க. "அங்க கேஸ் லைனே இல்லையே தம்பி, லிஸ்டிங்ல புரொப்பேன் எண்டு கிடக்கு"ன்னாங்க. இப்ப 0 இருந்தா எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடி எரிபொருள் என்னன்னு கேட்டு ஏஜென்ட் தேர்ந்தெடுத்தாத்தான் நகரும்.

காண்டோ தனிக் கதை. சில பில்டிங்ல ஹீட்டிங் மெயின்டனன்ஸ் ஃபீஸ்லயே சேர்ந்திருக்கும், அங்க ஃபீஸ்ல பாதியும் எடுத்து மேல ஹீட்டிங்கும் கூட்டினா ஒரே செலவ ரெண்டு தடவ எண்ணின மாதிரி. அதனால காண்டோனு வந்தா ஃபீஸ்ல ஹீட் அடங்குதான்னு முதல் கேள்வி. பதில் தெரியலன்னு சொன்னா எண் வராது, அவ்வளவுதான்.

நிஜமான பாடம் பில்லுல இருந்துதான் கிடைச்சுது. சிஎம்ஹெச்சி சொல்றதும் அதுதான், உண்மையான ஹீட்டிங் ரெக்கார்டு கிடைச்சா அத எடு, கிடைக்கலன்னா வீட்டு அளவு, இடம், ஹீட்டிங் வகை பார்த்து நியாயமா கணக்கு போடு. சரி, என் கணக்கு நியாயமான்னு பார்க்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அவங்க வீட்டு ஒரு வருஷ கேஸ் பில்ல கேட்டேன், 23 பேர் கொடுத்தாங்க, ஒரு சாயங்காலம் உக்காந்து எல்லாத்தையும் விரிச்சு வச்சு கையால எழுதினோம். முதல் பத்து பில்லுல என் எஸ்டிமேட் எல்லாமே குறைவா இருந்துச்சு, பயந்துட்டேன். அப்புறம் ஒரு பில்ல கிட்ட வச்சுப் பார்த்தா கீழ தனியா ஒரு வரி, வாட்டர் ஹீட்டர் வாடகை. ஒன்டாரியோல நிறைய பேர் வாட்டர் ஹீட்டர வாடகைக்குத்தான் வச்சிருக்காங்க, அந்த வாடகை கேஸ் பில்லோடயே சேர்ந்து வரும், நாங்க கடைசி மொத்தத்த அப்படியே எழுதியிருந்தோம். டாலர விட்டுட்டு கியூபிக் மீட்டர மட்டும் எடுத்தப்பதான் தெளிஞ்சுது.

அதுலயும் ஒரு வேலை இருக்கு. கேஸ் ஃபர்னஸுக்கு மட்டும் போகல, குளிக்கற தண்ணிக்கும் அடுப்புக்கும் போகுது. ஜூலை ஆகஸ்ட்ல யாரும் ஹீட்டர் போடறதில்ல, அப்ப எரியற கேஸ் முழுக்க தண்ணியும் சமையலும்தான். ஒரு வீட்ல கோடைல மாசம் 40 கியூபிக் மீட்டர், வருஷத்துக்கு 2,400 ன்னு வச்சுக்கோங்க, 40 பன்னெண்டு 480ஐ கழிச்சா மிச்சம் 1,920 தான் வீட்ட சூடாக்கினது. குளிர்காலத்துல தண்ணியும் ஜில்லுனு வர்றதால கொஞ்சம் கூட எரியும், ஆனா இந்த அளவு துல்லியம் போதும். மீட்டர பார்க்காம எஸ்டிமேட்டட்னு பில்லுல போட்ட ரீடிங் இருந்தா அந்த மாசத்த மட்டும் நம்பாம அடுத்த நிஜ ரீடிங்கோட சேர்த்துப் பார்க்கணும், இல்லன்னா ஒரு மாசம் பாதியா அடுத்த மாசம் ரெட்டையா வந்து குழப்பும்.

இப்படிப் பிரிச்ச பிறகு என் எஸ்டிமேட் பெரும்பாலான வீட்டுக்கு பக்கத்துல வந்துச்சு, நாலு வீடு மட்டும் ஒட்டவே இல்ல. நாலுமே பழைய பங்களா வகை, இங்க ஒரே மாடி வீட்டுக்கு அப்படித்தான் பேரு, அம்பது அறுபதுகள்ல கட்டினது. அதுல ரெண்டு வீட்ல பழைய ஃபர்னஸ். 2009 கடைசிலேர்ந்து கனடால வர்ற புது கேஸ் ஃபர்னஸ் குறைஞ்சது 90 சதவீத எஃபிஷியன்சி இருந்தாகணும்னு ஆச்சு, அதுக்கு முன்னாடி உள்ளது பெரும்பாலும் 80 கிட்ட இருக்கும், இல்ல அதுக்கும் கீழ. லிஸ்டிங்ல ஃபர்னஸ் வயசு பாதி நேரம் இருக்காது. அக்கா ஒரு வழி சொன்னாங்க, வீட்டு ஃபோட்டோல பக்கவாட்டுச் சுவர பாருங்கோ, கீழ வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒண்டு ரெண்டு வெளில நீட்டிக்கொண்டு இருந்தா அது புது வகை, புகை சிம்னிலதான் போகுதெண்டா பழசு. அவ்வளவு கோடு எழுதி எனக்குக் கிடைக்காத தகவல் ஒரு ஃபோட்டோல இருந்துச்சு. அத அப்படியே ஒரு கேள்வியா சேர்த்துட்டேன், வெள்ளை குழாய் தெரியுதா, ஆமா இல்ல தெரியல.

2025 பிப்ரவரில ஆபீஸ் முழுக்க ஓட விட்டோம். ஏப்ரல்ல அடி விழுந்துச்சு. கேஸ் மேல மத்திய அரசு போட்ட ஃபெடரல் கார்பன் சார்ஜ் ஒரு கியூபிக் மீட்டருக்கு 15.25 சென்ட் இருந்துச்சு, ஏப்ரல் 1லேர்ந்து அத எடுத்துட்டாங்க. நான் ரேட்ட ஒரே எண்ணா கோடுக்குள்ள எழுதி வச்சிருந்தேன். வீட்ட சூடாக்க மட்டும் வருஷம் 1,920 எரிக்கற வீட்டுக்கு அது 293 டாலர், மாசம் 24 டாலர், மேல வரி வேற. மூணு வாரம் எங்க கேஸ் வீட்டு ஃபைல் எல்லாத்துலயும் இப்படி கூட காட்டிட்டு இருந்திருக்கு, வீடு வாங்கத் தகுதி இருந்த ஒரு தம்பதிகிட்ட பட்ஜெட்ட குறைச்சுக்கோங்கன்னு எங்க ஏஜென்ட் ஒருத்தர் சொல்லியே அனுப்பிட்டார். அது என் தப்பு. அன்னிக்கே அவங்கள கூப்பிட்டு திருத்தின கணக்கு கொடுத்தோம், நல்லவேளை அவங்க பார்த்த வீடு இன்னும் போகல.

அதுக்கப்புறம் ரேட் எல்லாம் தனி டேபிள்ல, எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு போட்டு. ஒன்டாரியோல கேஸ் ரேட்ட எனர்ஜி போர்டு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ பார்க்கறாங்க, அந்த நாலு மாசமும் முதல் தேதி நானே டேபிள திறந்து பார்த்து கையெழுத்து மாதிரி ஒரு டிக் போடணும், போடலன்னா எஸ்டிமேட்டே வராம நின்னுடும். தானா இயங்கறதுக்குத்தானே எழுதினோம், இது எதுக்குன்னு மேனேஜர் கேட்டார். பழைய ரேட்ல வர்ற எண்ண விட காலிப் பெட்டி மேல்னு சொன்னேன், ஒத்துக்கிட்டார்.

இப்ப பெட்டில எண் மட்டும் வராது, கீழயே ஒரு வரி வரும், எந்த வானிலை நிலையம், எந்தத் தேதி ரேட், எவ்வளவு சதுர அடி, பேஸ்மென்ட் சேர்ந்ததா, பில்லா எஸ்டிமேட்டான்னு. ஏஜென்ட் மாத்தலாம், ஆனா காரணம் எழுதணும். லெண்டர்கிட்ட ஃபைல சரிபார்க்கற அண்டர்ரைட்டர் கேட்டா அந்த வரிய அப்படியே காட்டலாம். பில் கிடைச்சா எஸ்டிமேட் தானா விலகிக்கும்.

கடைசியா சேர்த்தது அக்கா கேட்டது. லெண்டருக்கு வேண்டியது வருஷ சராசரி, ஆனா ஜனவரில வீட்டுக்காரர் கட்டப்போறது சராசரி இல்ல. சராசரி 145 வர்ற அந்த ஓஷவா வீட்ல ஜனவரி பில் 250ஐ தாண்டும். புதுசா வந்த சனம் முதல் வின்ரர் பில்ல பாத்திட்டு எனக்கு ஃபோன் எடுத்து அழுகினம் தம்பின்னாங்க. அதனால கஸ்டமருக்குக் கொடுக்கற தாள்ல மட்டும் ரெண்டாவது எண் ஒண்ணு வருது, குளிர் உச்சத்துல ஒரு மாசம் இவ்வளவு வரலாம்னு, தமிழ்லயும் இருக்கு. அந்த வரிய எழுதினது அக்காதான், நான் டைப் மட்டும் பண்ணேன்.

கரன்ட்ல ஓடி வீட்ட சூடாக்கற ஹீட் பம்ப் வச்ச வீடு இன்னும் சரியா வரல. கரன்ட் பில்லுல ஹீட்டிங்க பிரிக்க ஜூலை மாசத்த கழிக்க முடியாது, ஏசியும் அதே மெஷின்தான் ஓட்டுது. ஹீட்டிங்கும் ஏசியும் குறைவா ஓடற மே, அக்டோபர் ரெண்டு மாசத்த அடிப்படையா எடுத்துப் பார்த்துட்டு இருக்கேன், நாலு வீட்டு பில் கையில இருக்கு, இந்த குளிர்காலம் முடிஞ்சாத்தான் சொல்ல முடியும்.