மூன்றாவது ஹோஸ்ட்டில் நின்றுபோன பாக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

புது ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் சர்வர்) நேற்றுதான் ரேக்கில் ஏறியது. இன்று காலை அதில் முதல் விஎம்மை, அதாவது சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினியை, கிளப்பினேன். கிளம்பிவிட்டது, லாகின் திரையும் வந்தது. ஐபி மட்டும் வரவில்லை. ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொண்டது. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று.

எங்கள் பிரைவேட் கிளவுட் பெரியது இல்லை. மூன்று லினக்ஸ் ஹோஸ்ட், விஎம்களை ஓட்டும் கேவிஎம், அதன் மேல் அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட். ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ், அதாவது மென்பொருளில் ஒரு ஸ்விட்ச். நெட்வொர்க் கார்டான இஎன்ஓ1 அதில் ஒரு போர்ட். ஓடும் ஒவ்வொரு விஎம்முக்கும் விநெட்0, விநெட்1 என்று ஒரு டேப் சாதனம் (மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) உண்டாகும், அதுவும் ஒரு போர்ட். விஎம் அனுப்புவது விநெட்டில் நுழைந்து, பிரிட்ஜைக் கடந்து, இஎன்ஓ1 வழியாக ஸ்விட்சுக்குப் போக வேண்டும். பாதை இவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். ஹோஸ்ட்டின் ஐபி பிரிட்ஜில்தான் இருக்கிறது, கார்டில் இல்லை. (கார்டிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிரிட்ஜுக்குள் போன கார்டுக்குத் தனி ஐபி கூடாது.) இரண்டு போர்ட்டும் ஃபார்வர்டிங் நிலையில் இருக்கின்றன. ஹோஸ்ட்டிலிருந்து வெளியே எல்லாம் போகிறது.

அப்படியானால் ஸ்விட்சில் விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் அமைப்பு) விட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டி, நெட்வொர்க் குழுவைக் கூப்பிட்டேன். அவர்கள் போர்ட் அமைப்பை எடுத்துக் காட்டினார்கள். மற்ற இரண்டு ஹோஸ்ட்டின் போர்ட்டில் இருப்பது வரி மாறாமல் இதிலும் இருக்கிறது. போர்ட் செக்யூரிட்டியும் இல்லை, எத்தனை மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வேண்டுமானாலும் வரலாம். மாலை முழுவதும் அதிலேயே போயிற்று.

மார்ச் 4, புதன்

இன்று ஊகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை எடுத்தேன். நேற்றே எடுத்திருக்க வேண்டும்.

விஎம்முக்குக் கையாலேயே ஒரு ஐபி கொடுத்து, நெட்வொர்க்கின் வெளிவாசலான கேட்வேக்கு பிங் ஓடவிட்டேன். உடன் வேலை செய்யும் தம்பி விஎம் கன்சோலைப் பார்த்துக்கொண்டான். நான் ஹோஸ்ட்டில் மூன்று டெர்மினலை அருகருகே திறந்தேன்: விநெட்4-க்கு ஒன்று, பிஆர்0-க்கு ஒன்று, இஎன்ஓ1-க்கு ஒன்று. விஎம்மின் மேக் முகவரியை வைத்து மூன்றிலும் ஒரே வடிகட்டி.

விநெட்4-ல் முதல் வரி ஏஆர்பி, ஒரு ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்கும் செய்தி. “கேட்வே யாரிடம் இருக்கிறது?” என்று விஎம் கேட்கிறது. அந்தக் கேள்வி பிஆர்0-லும் தெரிந்தது, இஎன்ஓ1-லும் தெரிந்தது. பதில் இஎன்ஓ1-ல் வந்து, அதே வழியில் திரும்பி, விஎம்மைச் சேர்ந்தது. போக வர பாதை திறந்துதான் இருக்கிறது! விலேன் தவறாக இருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. ஸ்விட்ச் மேல் இருந்த சந்தேகம் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.

அடுத்து பிங். பிங்கின் கேள்வியான எக்கோ ரெக்வஸ்ட் விநெட்4-ல் நொடிக்கு ஒன்றாக வருகிறது. பிஆர்0-லும் வருகிறது. இஎன்ஓ1 டெர்மினலில் ஒன்றுமே இல்லை. ஏஆர்பி போன அதே பாதையில், அதே மேக்கிலிருந்து கேட்வேயின் மேக்குக்குப் போகிற பாக்கெட், பிரிட்ஜுக்குள் வந்து காணாமல் போகிறது.

“அண்ணா, பிரிட்ஜுக்கு மேக் மட்டும்தானே தெரியும்? உள்ளே ஐபி இருக்கா ஏஆர்பி இருக்கான்னு அது ஏன் பார்க்கணும்?” என்றான் தம்பி.

சரியான கேள்வி. பிரிட்ஜ் இரண்டாம் அடுக்கு வேலை செய்வது. எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று கற்று வைத்துக்கொண்டு அனுப்பிவிடும், உள்ளே இருப்பது அதற்குத் தேவையில்லை. அப்படியிருக்க ஐபி பாக்கெட்டை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்துத் தள்ளுகிறார்கள் என்றால், ஐபி தெரிந்த யாரோ ஒருவர் நடுவில் நிற்கிறார்.

இன்னும் இரண்டு சோதனை செய்தோம். விஎம்மிலிருந்து இந்த ஹோஸ்ட்டுக்கே பிங் போட்டால் போகிறது. இதே ஹோஸ்ட்டில் இன்னொரு விஎம்மைக் கிளப்பி, இரண்டுக்கும் இடையில் பிங் போட்டால் போகவில்லை. ஹோஸ்ட்டுக்கு என்று வருவது பிழைக்கிறது, ஹோஸ்ட்டைக் கடந்து போவது சாகிறது. இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்தோம். அந்த “யாரோ” எனக்குக் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது, ஆனாலும் களைத்த கண்ணோடு ஓடும் ஹோஸ்ட்டில் விதிகளைத் தொடக் கூடாது என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஐபிடேபிள்ஸ், லினக்ஸின் ஃபயர்வால்.

ஹோஸ்ட்டைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியல் ஃபார்வர்ட் செயின். அதை எண்ணிக்கையோடு எடுத்துப் பார்த்தேன். தலைப்பிலேயே பாலிசி ட்ராப் (எந்த விதியும் அனுமதிக்காததைத் தள்ளிவிடு) என்று இருந்தது, பக்கத்தில் தள்ளிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது விஎம்மை நிறுத்திவிட்டு, முதல் விஎம்மில் பிங்கை நொடிக்கு ஐந்தாக ஓடவிட்டேன். எண் வேகமாக ஏறியது. பிங்கை நிறுத்தினால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் ஏறியது, அது நெட்வொர்க்கில் சுற்றும் பிராட்காஸ்ட். மறுபடி ஓடவிட்டால் மறுபடி வேகம். நாலைந்து தடவை இப்படிச் செய்து பார்த்தேன். காணாமல் போன பாக்கெட் எங்கே விழுகிறது என்பதை அந்த எண்ணில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

பிரிட்ஜ் வழியாகப் போவது ஐபிடேபிள்ஸுக்கு ஏன் போகிறது? லினக்ஸின் மையமான கெர்னலில் பிஆர்_நெட்ஃபில்டர் என்று ஒரு மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் துணைப்பகுதி) இருக்கிறது. அது ஏறியிருந்தால், பிரிட்ஜைக் கடக்கும் ஐபி பாக்கெட்டை எடுத்து, ரூட்டர் வழியாகப் போவது போலவே ஃபார்வர்ட் செயினிடம் காட்டும். ஏஆர்பி ஐபி அல்லவே, அதனால் ஐபிடேபிள்ஸ் அதைப் பார்க்காது, தப்பித்துப் போகும். ஹோஸ்ட்டுக்கு வருவது இன்புட் செயினுக்குப் போகும், அங்கே தடை இல்லை. டிஎச்சிபி ஐபி மேல் ஓடுவது, ஆகவே மாட்டிக்கொண்டது. மூன்று நாளாகப் பார்த்த அத்தனையும் இந்த ஒரு காரணத்தில் வந்து பொருந்தியது. தம்பிக்குக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கும் முழுதாகப் புரிந்தது போல் இருந்தது.

முன்பெல்லாம் இந்த வசதி பிரிட்ஜ் மாட்யூலுக்குள்ளேயே இருந்தது. 2014-ல் வந்த 3.18 கெர்னலில்தான் தனி மாட்யூலாகப் பிரித்தார்கள். அதனால் இப்போது யாராவது ஏற்றினால்தான் ஏறும். ஏறிவிட்டால், பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் என்ற அமைப்பு தானாகவே 1 என்று இருக்கும்.

யார் ஏற்றியது? மற்ற இரண்டு ஹோஸ்ட்டில் இந்த மாட்யூல் இல்லை. இதில் மட்டும் கண்காணிப்புக் கருவி ஒன்றுக்காக, நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர் மென்பொருள் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அது தன் கன்டெய்னர்களைப் பாதுகாக்க மாட்யூலை ஏற்றி, ஃபார்வர்ட் பாலிசியையும் ட்ராப் ஆக்கியிருக்கிறது. அதன் பார்வையில் செய்தது சரி. பக்கத்தில் ஒரு பிரிட்ஜும் அதன் மேல் விஎம்களும் வாழ்கின்றன என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அந்த அமைப்பை 0 ஆக்கினேன். அடுத்த நொடியே இஎன்ஓ1 டெர்மினலில் எக்கோ ரெக்வஸ்ட் வரிகள் இறங்க ஆரம்பித்தன, பின்னாலேயே பதில்கள். தம்பி கன்சோலிலிருந்து, “வந்திடுச்சு அண்ணா!” என்று கத்தினான்.

மார்ச் 6, வெள்ளி

ஹோஸ்ட்டை ரீபூட் செய்து பார்த்தோம். விஎம் மறுபடி ஊமை.

கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்பில் 0 என்று எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் பூட் ஆகும்போது அந்தக் கோப்பைப் படிக்கும் நேரத்தில் மாட்யூல் இன்னும் ஏறியிருக்காது. மாட்யூல் இல்லையென்றால் அந்த அமைப்பே இல்லை, எழுத இடமில்லை. பிறகு கன்டெய்னர் மென்பொருள் எழுந்து மாட்யூலை ஏற்றும்போது 1 என்று புதிதாகப் பிறக்கிறது. மாட்யூலை முன்கூட்டியே ஏற்றும் பட்டியலில் சேர்த்தேன், அதன் பின் 0 நிலைத்தது.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. விஎம் ஓடும் ஹோஸ்ட்டில் வேறு எதுவும் ஓடக் கூடாது. கண்காணிப்புக் கருவியைத் தனி விஎம்முக்கு மாற்றக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

இது வேறு மாதிரி. புதிய ஹோஸ்ட்டில் ஓடும் ஒரு விஎம் சிறிது நேரம் பதில் சொல்கிறது, பிறகு அமைதி, பிறகு மறுபடி பேசுகிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைந்து ஹோஸ்ட்நேம் (விஎம்மின் பெயர்) கேட்டேன், ஒரு பெயர் வந்தது. வெளியே வந்து, அதே ஐபிக்கு மறுபடி நுழைந்து கேட்டேன். வேறு பெயர்.

உடனே பிரிட்ஜின் மேக் பட்டியலைப் பார்த்தேன். ஒரே மேக் ஒரு தடவை விநெட்5-ல் இருக்கிறது என்கிறது, அடுத்த தடவை இஎன்ஓ1-ல் என்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மேக்! அவசரத்துக்கு யாரோ இரண்டாவது ஹோஸ்ட்டிலிருந்து ஒரு விஎம்மின் டிஸ்கையும், அதன் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பையும் அப்படியே நகலெடுத்து, ஹோஸ்ட்நேமை மட்டும் மாற்றி இங்கே ஓட்டியிருக்கிறார்கள். மேக் ஒன்று, ஆகவே டிஎச்சிபி கொடுத்த ஐபியும் ஒன்று. டிஸ்க் ஒன்று, ஆகவே எஸ்எஸ்எச் சாவியும் ஒன்று, அதனால்தான் எச்சரிக்கைகூட வரவில்லை. எக்ஸ்எம்எல்லில் மேக் வரியை நீக்கிவிட்டுப் புதிதாக டிஃபைன் செய்தால் லிப்விர்ட் தானே புதிய மேக் போட்டுக்கொள்ளும். செய்தேன், தீர்ந்தது. எஸ்எஸ்எச் சாவிகளையும் மெஷின் ஐடியையும் புதிதாக்கினேன்.

பட்டியலைப் பார்க்கும்போது தம்பி ஒன்று கேட்டான்: விஎம்மின் மேக் 52:54:00 என்று தொடங்குகிறது, ஹோஸ்ட் பக்கத்து விநெட்டின் மேக் மட்டும் ஏன் எஃப்ஈ:54:00? அது லிப்விர்ட் வேண்டுமென்றே செய்வது. பிரிட்ஜுக்கு நாம் மேக் கொடுக்காவிட்டால், தன் போர்ட்டுகளில் மிகச் சிறிய மேக்கை அது எடுத்துக்கொள்ளும். புதிய விஎம் சிறிய மேக்கோடு வந்தால் பிரிட்ஜின் மேக்கே மாறி, ஹோஸ்ட்டின் இணைப்புகள் ஒரு கணம் தொங்கும். எஃப்ஈ என்று தொடங்கினால் அது கடைசியில்தான் நிற்கும், கார்டின் மேக்கே பிரிட்ஜுக்கு நிலைக்கும். எவ்வளவு கரிசனமான வேலை! எழுதியவர் இதே மாதிரி ஒரு ராத்திரியைக் கண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

ஹோஸ்ட்டுகளுக்கு இடையே உள் நெட்வொர்க் ஒன்று இருக்கிறது, ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் அடைத்து அனுப்பும் விஎக்ஸ்லேன் மேல். இன்று புகார் அதில். பிங் போகிறது, எஸ்எஸ்எச் நுழைகிறது, சின்னக் கட்டளை ஓடுகிறது. பெரிய கோப்பைக் காட்டச் சொன்னால் திரை உறைகிறது. கோப்பு நகல் 0 சதவீதத்தில் நிற்கிறது.

சின்னது போய்ப் பெரியது நின்றால் எம்டியுவைத்தான் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) பார்க்க வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் போட்டேன். 1472 பைட்: பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்த்துச் சரியாக 1500. ஒன்றுகூடத் திரும்பவில்லை. 1422 போட்டேன், எல்லாம் திரும்பின.

நடுவில் இருக்கும் 50 பைட் விஎக்ஸ்லேனின் சுமை. விஎம்மின் ஃப்ரேம் முழுவதையும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டும்போது வெளி ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8, உள்ளே போகும் ஈதர்நெட் தலைப்பு 14. கீழே கம்பி 1500-தான் தாங்கும் என்றால் விஎம்முக்கு மிஞ்சுவது 1450. விஎம்மோ 1500 இருக்கிறது என்று நம்பி அனுப்புகிறது.

ரூட்டராக இருந்தால், “பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கு” என்று ஐசிஎம்பியில் திருப்பிச் சொல்லும். பிரிட்ஜ் அப்படிச் சொல்லாது. போர்ட்டுக்கு அடங்காததைச் சத்தமில்லாமல் போட்டுவிடும், அனுப்பியவருக்குத் தெரியாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். இதில் பிழைச் செய்தி எங்கும் வராது, அதுதான் இதில் கொடுமை.

கீழ் நெட்வொர்க்கின் எம்டியுவை உயர்த்துவதே நல்ல வழி. அதற்கு ஸ்விட்ச், ஹோஸ்ட் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்ற வேண்டும், இந்த வாரம் முடியாது. இப்போதைக்கு டிஎச்சிபியில் 26-ம் ஆப்ஷனாக 1450 அறிவித்துவிட்டேன். விஎம்கள் லீஸைப் புதுப்பித்ததும் எடுத்துக்கொள்கின்றன. கையால் ஐபி போட்ட இரண்டு விஎம்மில் மட்டும் நேரே மாற்றினேன்.

மார்ச் 12, வியாழன்

கண்காணிப்புக் கருவி தனி விஎம்முக்குப் போய்விட்டது. மூன்றாவது ஹோஸ்ட்டிலிருந்து கன்டெய்னர் மென்பொருளை எடுத்து, பூட் பட்டியலில் நான் சேர்த்த மாட்யூல் வரியையும் நீக்கி, ரீபூட் செய்தோம். பிஆர்_நெட்ஃபில்டர் இல்லை. ஃபார்வர்ட் பாலிசி பழையபடி.

தம்பியே விஎம்மைக் கிளப்பினான். நான் எதுவும் சொல்லாமல் பார்த்தேன். விநெட்0, பிஆர்0, இஎன்ஓ1 என்று மூன்று டெர்மினலைத் தானே திறந்து வைத்துக்கொண்டான். டிஎச்சிபியின் முதல் கேள்வியான டிஸ்கவர் மூன்றிலும் தெரிந்தது. ஆஃபர், ரெக்வஸ்ட், ஆக். ஐபி வந்தது. 1422-ல் ஒரு பிங் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டெர்மினல்களை மூடினான்.

நாளை மறுநாள் இரவு ஸ்விட்சில் எம்டியு மாற்ற நேரம் கேட்டிருக்கிறோம்.