உறைவெட்டு நாட்குறிப்பு: 22 செ.மீ. கட்டியும் இரண்டு துண்டுகளும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலை 10.40 மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து உறைவெட்டுக்கு (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவிப் பார்க்கும் சோதனை) ஒரு கட்டி வந்தது. நோயாளிக்கு 31 வயது, குழந்தை இல்லை. இடது சினைப்பை 22 செ.மீ. அளவுக்கு வீங்கியிருந்தது. மேலுறையில் கிழிசல் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மை பூசி அறுத்தவுடன், ஆறிய கஞ்சியைப் போன்ற வழவழப்பான நீர் தட்டு நிறைய வழிந்தது. உள்ளே தேனடை போல எண்ணற்ற அறைகள். இவற்றுள் எந்த இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத்தான் நோயியல் மருத்துவர்களான எங்களுக்குச் சம்பளம். விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்ட இடங்களிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து, க்ரையோஸ்டாட் என்ற உறைகருவியில் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, 5 மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றினோம். இருபது நிமிடத்தில் ஸ்லைடு தயாராகிவிட்டது.

"குறைந்தபட்சம் பார்டர்லைன், மியூசினஸ் வகை" என்று தொலைபேசியில் சொன்னேன். பார்டர்லைன் என்றால் சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்டது; மியூசினஸ் என்றால் வழவழப்பான சளிநீர் சுரப்பது. "கேன்சரா, இல்லையா மேடம்?" என்று அறுவை மருத்துவர் கேட்டார். அந்தக் "குறைந்தபட்சம்" என்ற சொல்லை நீக்க நான் இணங்கவில்லை. குடல்வாலையும் பார்த்துவிடுங்கள், அங்கிருந்து பரவும் கட்டியும் இதே வேடத்தில் வரும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். குடல்வால் இயல்பாக இருந்ததாம். கர்ப்பப்பையையும் வலது சினைப்பையையும் விட்டுவைத்தார்கள்.

மார்ச் 5, புதன்

இரண்டோடு நிறுத்தாமல் பத்துத் துண்டுகளை உறையவைத்திருக்கலாமே என்று முதுநிலை மாணவி கேட்டாள். ஒவ்வொரு துண்டுக்கும் நோயாளி மயக்கத்தில் கிடக்கும் நேரம் கூடும். உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் செல்களைச் சிதைப்பதால், துண்டுகள் பெருகினாலும் தெளிவு அதே அளவுக்குப் பெருகாது. 1891இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நோயியல் மருத்துவர் வெல்ச் உறைவெட்டைப் பார்த்து முடிப்பதற்குள் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அறுவையையே முடித்துவிட்டார் என்ற கதையைச் சொன்னேன், சிரித்தாள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பை அவளே எடுத்து வாசித்தாள்: உறைவெட்டில் புற்றுநோய் என்று சொன்னால் அது பெரும்பாலும் தவறுவதில்லை, பார்டர்லைன் என்று சொன்னவற்றிலோ, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இறுதியில் புற்றுநோயாக முடிகிறது.

மார்ச் 7, வெள்ளி

டெர்மாய்டு என்ற சாதுவான சினைப்பைக் கட்டி ஒன்று வந்தது: முடி, கொழுப்பு, ஒரு பல். கெட்டியான பகுதி எதுவும் இல்லாததால் உறைவெட்டே தேவைப்படவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

போன செவ்வாயன்று வந்த 22 செ.மீ. கட்டியின் பாரஃபின் (மெழுகு) ஸ்லைடுகள் மேசைக்கு வந்தன. செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் 22 பிளாக்குகள் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்). பதினாறு வரை பார்டர்லைன்தான். பதினேழாவதில், சுரப்பிகளின் வரம்பைத் தாண்டி இழைத்திசுவுக்குள் நுழைந்த சிறு செல் கூட்டங்கள் தெரிந்தன. அளந்தால் 2 மி.மீ. 5 மி.மீ.க்குள் அடங்குவதால் இது நுண்ணூடுருவல்தான். பார்டர்லைன் என்ற பெயர் இன்னும் மாறவில்லை. எனினும் இத்தகைய இடம் ஒன்று தென்பட்டால், செ.மீ.க்கு இரண்டு பிளாக்குகள் வீதம் பார்த்தாக வேண்டும். அறிக்கையில் கையெழுத்திடாமல், கட்டியின் மீதி கிடக்கும் ஃபார்மலின் வாளியை மறுபடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.